மாதிரி மூச்சு

காலை ஏழு இருபதுக்கு நான் பள்ளி வாசலைத் திறப்பேன். ஏழே முக்காலுக்கு பனியன் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். இடையில் இருக்கும் இருபத்தைந்து நிமிடத்தில் நூற்று எண்பது பிள்ளைகள் வரிசையாக வந்து தூணில் ஊதிவிட்டுப் போக வேண்டும். பச்சை எரிந்தால் பிள்ளை வகுப்புக்கு, அம்மா பஸ்ஸுக்கு. மஞ்சள் எரிந்தால் இரண்டு பேரும் வீட்டுக்கு. நடுவில் நிற்கிற தமயந்தியாகிய நான் என்ன பாடுபடுவேன் என்று யாரும் கேட்டதில்லை.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டோல்கேட் அக்கா. வாத்தியார்களே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைதான்.

தூண் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய், உச்சியில் விளக்கு, பக்கத்தில் ஊதுவதற்கு ஒரு வாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒரு காகிதக் குழல் செருகித் தருவேன். காய்ச்சல் உடம்பில் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மூச்சில் அதன் அடையாளம் வந்துவிடுமாம். தொட்டுப் பார்த்தால் நமக்குத் தெரியாது, தூணுக்குத் தெரியும். முன்பெல்லாம் காலையில் ஒரு மூடி சிரப்பை ஊற்றிக் காய்ச்சலை அமுக்கி, முகத்துக்குப் பவுடர் போட்டு அனுப்பிவிடுவார்கள். பதினோரு மணிக்கு மருந்தின் வேகம் தீர்ந்து பிள்ளை பெஞ்சில் சுருண்டு படுக்கும், அதற்குள் பக்கத்தில் நாலு பேருக்குக் கொடுத்திருக்கும். தூண் வந்தபிறகு சிரப் வேலைக்கு ஆகவில்லை. ஏலக்காயை மெல்லக் கொடுத்துப் பார்த்தார்கள், அரை மூச்சு விடச் சொல்லிப் பழக்கினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

மஞ்சள் எரிந்த பிள்ளையிடம் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "மஞ்சளுங்க கண்ணு. பயப்படாத சாமி. ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வா." பிள்ளை அழும். அம்மா அழமாட்டாள், பஸ்ஸைப் பார்ப்பாள். ஒரு மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டால் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? விளக்கு எரிந்துவிட்டதே.

சட்டம் வந்ததற்குக் காரணம் சாம்பல் காய்ச்சல். நகம் சாம்பல் நிறமாகும் என்பதால் அந்தப் பெயர். இரண்டு வருடம் ஊரைப் புரட்டி எடுத்தது. பிறகு தடுப்பூசி வந்தது. மூன்று தவணையும் போட்ட அட்டையைக் காட்டினால்தான் பள்ளியில் இடம், காட்டிய பிறகும் தினமும் ஊத வேண்டும். இதையெல்லாம் கெடுபிடி என்று முணுமுணுத்தவர்களை நான் ஓவியனைக் காட்டித்தான் வாயடைப்பேன்.

ஓவியன் நான்காம் வகுப்பு. இரண்டு வருடம் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் உடம்பு அந்த ஊசியை ஏற்காது. அவனுக்குப் போட முடியாத ஊசியை அவனுக்காக மற்றவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். அவனுக்கு மூச்சு கட்டை. தூண் கேட்கிற அளவுக்கு ஊத வராது. நான் முட்டி போட்டு, முகக்கவசத்தை இறக்கி, அவன் முகத்துக்கு நேரே உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுவேன். "இப்புடி, இப்புடி, மெதுவா." அவன் என் வாயைப் பார்த்துப் பார்த்து ஊதுவான். பச்சை வந்ததும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தட்டுக்காகத்தான் நான் வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவனுக்குப் பக்கத்து இடம் பர்ஷாவுடையது. ஒடிசாவிலிருந்து வந்த மினதியின் மகள். மினதிக்குத் தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் வேலை, புருஷன் கிடையாது. பர்ஷா இரண்டு வயதில் திருப்பூருக்கு வந்தவள். அவள் பேசுகிற கொங்குத் தமிழைக் கேட்டால் நம்மூர் மாரியம்மன் கோவில் தெருவில் பிறந்தவள் என்றுதான் சொல்வீர்கள்.

ஜூன் மாதம் சேர்க்கையின்போது பர்ஷாவின் அட்டையில் இரண்டு முத்திரைதான் இருந்தது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு கறை.

"அக்கா, மூணாவது ஊரில போட்டோம். போன ஜனவரில திருவிழாவுக்குப் போனப்போ, கேம்ப்ல. வர்ற வழில மழை, அட்டை நனைஞ்சிருச்சு" என்றாள் மினதி.

"அங்க இருந்து ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி இன்னொரு தடவ போட்டுக்கலாமில்ல?"

"ஆஸ்பத்திரில கேட்டேன் அக்கா. ஒரு வருசத்துக்குள்ள மறுபடி போடக்கூடாதாம். ஜனவரி வரைக்கும் பொறுக்கச் சொன்னாங்க."

ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பரிசோதனைக்கு வரிசை ஆறு மாதம் நீண்டிருந்தது. நானும் தலைமையாசிரியை சுலோச்சனா மேடமும் பேசி, தற்காலிகமாக உள்ளே விட்டோம். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். மனசாட்சி உள்ளவள் என்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் உருளை தீர்ந்துபோனது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தினமும் காலையில் தூணை எழுப்பியதும் அது முதலில் ஒரு சுத்தமான மூச்சைக் கேட்கும். அதற்காகவே கைக்குள் அடங்குகிற சின்ன உருளைகளில் சுத்தக் காற்றை அடைத்து மாவட்ட அலுவலகத்திலிருந்து அனுப்புவார்கள். அதைச் செருகி 'மாதிரி எடு' என்று அழுத்தினால், இதுதான் நோயில்லாத மூச்சு என்று தூண் அன்றைக்குப் புரிந்துகொள்ளும். மாதிரி இல்லாவிட்டால் வருகிற எல்லோருக்கும் மஞ்சள்தான். அந்த மாத உருளைகள் வரவில்லை. கேட்டால் திங்கட்கிழமை என்றார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

மணி ஏழு ஐந்து. வெளியே குடையும் ஜமுக்காளப் பையுமாக அம்மாக்கள். நான் தூணைப் பராமரிக்கிற ஜெயசீலனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இதுக்குப் போயி பள்ளிக்கூடத்த மூடுவாங்களா? நல்லா இருக்கற ஆள் ஒருத்தர் ஊதினாப் போதும். மாதிரி எடுன்னு அழுத்திட்டு நீங்களே ஒரு ஊது ஊதிருங்க. எல்லா ஸ்கூல்லயும் அப்புடித்தான் ஓட்டறாங்க. ரெண்டு நாளைக்குத் தாராளமாத் தாங்கும்."

ஊதினேன். தூண் ஒரு முனகலோடு விழித்துக்கொண்டு பச்சை காட்டியது. அன்றைக்கு ஒரு அம்மாவுக்கும் பஸ் தப்பவில்லை.

இரண்டு நாள் மூன்று வாரம் ஆனது. தினமும் ஏழேகாலுக்கு நான் ஊதுவேன், தூண் விழிக்கும். சமையல்கட்டுப் பக்கச் சின்னக் கதவு வழியாக வருகிற நான் யாருக்கும் ஊதிக் காட்ட வேண்டியதில்லை. என் மூச்சை வைத்துத்தான் மற்றவர்களை அளந்தார்கள். சமையல் செய்கிற பாப்பாத்தியக்காவிடம், "என்ற மூச்சுதான் இப்ப இந்தப் பள்ளிக்கூடத்துக்கே எடைக்கல்லு, தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த மூன்று வாரத்தின் கடைசியில் எனக்கு நாலைந்து நாள் தொண்டை கரகரப்பு. பனியன் ஊரில் பஞ்சுத் தூசுக்குத் தொண்டை கரகரக்காதவர் யார்? உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மிளகுப் பால் குடித்தேன். சரியாகிவிட்டது. லீவு போடவில்லை. நான் போட்டால் வாசல் யார் திறப்பது?

பிறகு ஒன்பதாம் தேதி புதன்கிழமை நான்காம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல். நகம் சாம்பல். ஊசி போட்டிருந்ததால் நாலு பேர் இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டார்கள். ஐந்தாவது ஆள் ஓவியன். அவனைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வாயில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தபோது நான் வாசலில் நின்று ஓவென்று அழுதேன்.

பள்ளியைப் பத்து நாள் மூடினார்கள். விசாரணைக்கு நோய்த்தடுப்பு வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. தூணின் பதிவைப் பார்த்தார். பதினோரு மாதமும், தினமும், 'மாதிரி சரி' என்று இருந்தது. எதில் எடுத்த மாதிரி என்று தூண் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாருக்கும் பச்சை காட்டியிருக்கு. அப்படின்னா தூணை யாரோ ஏமாத்தியிருக்கணும்" என்றார். "ஊசி பாக்கி இருக்கற பிள்ளை யாராவது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒருத்தி இருக்கா சார்" என்றார் மேடம். "தற்காலிகமா சேர்த்தது."

"அந்தப் பிள்ளை ஊதறப்ப எதாவது கவனிச்சீங்களா?" அதிகாரி என்னைக் கேட்டார்.

இங்கேதான் நான் அதைச் சொன்னேன். "போன வியாழக்கிழம வரிசைல நின்னு இருமுனா சார். ஊதறப்ப பாதி மூச்சுதான் விட்டாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

இருமினாள், அது உண்மை. பாதி மூச்சு என்பது நான் அந்த நொடியில் நினைத்துக்கொண்டது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. என் வாசல் வழியாக, என் கண்ணெதிரே நோய் உள்ளே போயிருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. யாராவது என்னை ஏமாற்றியிருந்தால் தாங்க முடியும். ஒன்பது வயதுப் பிள்ளை ஏமாற்றினாள் என்றால்கூடத் தாங்க முடியும் என்று இருந்திருக்கிறேன்.

பர்ஷாவுக்கு சிவப்புக் குறிப்பு போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலும் அவள் காலெடுத்து வைக்க முடியாது. வீட்டிலிருந்து திரையில் படிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. மினதியின் வீடு ஒற்றை அறை. காலை ஏழே முக்காலிலிருந்து ராத்திரி எட்டரை வரை பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தக் குறிப்பின் கீழே வாசல் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கட்டைவிரல் ரேகை.

பள்ளி திறந்த அன்று காலை மினதி வந்தாள். வரிசைக்கு வரவில்லை, எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றாள். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய், பஸ்ஸும் போனபிறகு ரோட்டைத் தாண்டி வந்தாள். அவள் பஸ்ஸும் போயிருந்தது.

"அக்கா, பர்ஷாவுக்குக் காய்ச்சலே வரலை" என்றாள். "ஒரு நாளும் வரலை. பத்து நாளா ராத்திரி பூராப் பக்கத்துலயே இருக்கேன். நகத்தப் பாத்தேன், நாக்கப் பாத்தேன். அவளுக்கு வராத காய்ச்சல அவ எப்படி அக்கா குடுப்பா?"

"செல பேருக்கு வெளிய தெரியாதுங்க மினதி. உள்ள இருந்துட்டே அடுத்தவங்களுக்குப் போகும்."

"அவ ஓவியனுக்குக் குடுப்பாளா? தெனமும் கைய மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அவன் பக்கத்துல ஒக்காருவா."

"எனக்குத் தெரியுங்க. ஆனா குறிப்பு போட்டாச்சு. என் கைல ஒண்ணுமில்ல."

மினதி என்னைத் திட்டவில்லை. "எங்க லைன் வீடுகள்ல யாரும் எங்க கதவுப் பக்கம் வர்றதில்ல அக்கா. கொழாய்ல தண்ணி புடிக்க எங்களக் கடைசியா விடறாங்க" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "ஓவியன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"அப்படியேதான்" என்றேன்.

பர்ஷா வீட்டில் பூட்டிக் கிடக்கவில்லை, பக்கத்து யூனிட்டில் துணிக்குப் பிசிறு வெட்ட உட்கார்ந்துவிட்டாள் என்று பாப்பாத்தியக்கா சொன்னார். சின்னக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு பெரிய பொம்பளை மாதிரி வெட்டுகிறாளாம். நான் எழுந்து போய்ச் சட்டி பானைகளை இன்னொரு முறை கழுவினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜெயசீலன் வந்தார். கையில் அட்டைப்பெட்டி, உள்ளே உருளைகள். இப்போதுதான் திங்கட்கிழமை வந்திருக்கிறது போல என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே தூணின் முதுகைக் கழற்றி, தன் திரையை அதில் இணைத்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"இந்த மூணு வாரமும் மாதிரி குடுத்தது யாருங்க்கா?"

"நாந்தான். நீங்கதானே சொன்னீங்க?"

"தெனமுமா? வேற யாரும் இல்லியா?"

"வேற யாரு இருக்காங்க?"

அவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே பேசினார். "அக்கா, தூணுக்கு எது நோய், எது இல்லன்னு தெரியாதுங்க. காலைல நாம காட்டற மூச்சத்தான் அது சுத்தம்னு எடுத்துக்கும். அதவிட எதாவது கூடுதலா இருந்தா மஞ்சள். இல்லீன்னா பச்சை. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"சரி."

"நாலாந்தேதில இருந்து ஒம்பதாந்தேதி வரைக்கும் நீங்க குடுத்த மாதிரிய என்ற திரைல ஒப்பிட்டுப் பாத்தேன், அதுல சாம்பல் காய்ச்சல் இருக்குங்க்கா."

எனக்கு உடனே புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உப்புத் தண்ணீரும் மிளகுப் பாலும்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"அப்ப புள்ளைங்களுக்கு..."

"ஆறாந்தேதி வரைக்கும் ஒரு புள்ள மூச்சுலயும் அது இல்ல. ஏழாந்தேதில இருந்து நாலாம் வகுப்புல ஒவ்வொருத்தரா வருது. தூண் அதப் பாத்திருக்குது. ஆனா காலைல நீங்க காட்டினதும் அதேதானே? அதனால சரிதான்னு பச்சை காட்டியிருச்சு."

"பர்ஷா?"

திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு மூச்சுல ஒரு நாளும் இல்லீங்க. முழு மூச்சு விட்டிருக்குது. ஓவியன் பக்கத்துல ஒக்காந்தும் ஒட்டலைன்னா, மூணாவது ஊசி நெசமாப் போட்டிருப்பாங்கன்னுதான் நெனக்கறேன்."

எனக்குக் கடைசியாக ஊசி போட்டு ஒன்பது வருடம், அதன் பலம் எப்போதோ தீர்ந்திருக்கும். அட்டை காட்டச் சொன்ன சட்டம் மாணவர்களுக்குத்தான். வாசலில் நிற்பவளிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. நானும் எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, கவசத்தை இறக்கி, ஓவியனின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டியது மட்டும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. இப்புடி, இப்புடி, மெதுவா. அந்த நாளெல்லாம் ஊதிக் காட்டினேன்.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயசீலனும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புது உருளையப் போட்டவுடனே பழைய மாதிரி எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்கும். வழக்கமா ஆமான்னுதான் அழுத்துவோம். இன்னிக்கும் அழுத்திரலாம். யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

"ஓவியனுக்கு?"

"அழிச்சாலும் அழிக்காட்டியும் அவனுக்கு ஒண்ணும் மாறப்போறதில்லீங்க. உங்களுக்கு வேல போகும். எனக்கும்தான். என்ற வீட்ல ரெண்டு சின்னது இருக்குது."

"பர்ஷாவுக்கு மாறுமில்ல?"

அவர் திரையை மடியில் கவிழ்த்து வைத்தார். சிவப்புக் குறிப்பை நீக்க ஒரே வழிதான் உண்டு என்று இருவருக்கும் தெரியும். நோய் எங்கிருந்து வந்தது என்ற இடம் காலியாக இருக்கக் கூடாது. ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயரை எழுத வேண்டும்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான் நல்லவள், உடனே எழுந்து போய் எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அழித்துவிட்டு, மினதியைக் கூப்பிட்டு, வேறு மாவட்டத்தில் நல்ல பள்ளியாகப் பார்த்துக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை எவ்வளவு அழகாக, எவ்வளவு கருணையாக இருந்தது தெரியுமா? ஜூன் மாதம் என்னை நானே மெச்சிக்கொண்ட அதே குரலில் அது பேசியது. அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

"அழிக்காதீங்க" என்றேன்.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார். பிறகு, "அப்ப என்ற பேரையும் போட்டுருங்க. நாந்தான ஊதச் சொன்னேன்" என்றார்.

நடந்ததை நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை சுலோச்சனா மேடம் இரண்டு முறை படித்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் உங்களக் கேட்டிருக்கமாட்டேன் தமயந்தி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணப் பத்தி மொதல்ல சொன்னது நாந்தானே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

ஓவியனின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அப்போதுதான் அவனுக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். நுரையீரல் பழையபடி ஆகாது, இந்த வருடம் பள்ளிக்கு வரமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் போனை வைக்கவில்லை. ஏதோ ஒரு மிஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன், அவராக வைக்கும்வரை.

சிவப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்ஷாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாறியது. இனி மாவட்டத்தில் எந்தப் பள்ளி வாசலையும் நான் தாண்ட முடியாது. ஒரு வருடம் என்பது பிள்ளைகளுக்குத்தான், பெரியவர்களுக்குக் கெடு எதுவும் எழுதப்படவில்லை. ஜெயசீலனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெயர் மாறிய குறிப்பின் காகிதத்தை எடுத்துக்கொண்டு மினதியின் லைன் வீட்டுக்குப் போனேன். எட்டு வீடு, ஒரு குழாய், நடுவே வாசல். மினதி அறைக்குள் துணிகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள்.

வெளியே நின்றபடியே காகிதத்தை நீட்டினேன். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. நானே படித்தேன், 'நோயின் மூலம்' என்ற இடத்தில் இருந்த என் பெயரையும் சேர்த்து. மினதி சாக்கைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"நீங்கதானா அக்கா?"

"நாந்தான் மினதி. பாதி மூச்சுன்னு சொன்னதும் நாந்தான். அவ முழுசாத்தான் ஊதியிருக்கா."

அவள் சாக்கைத் தரையில் வைத்தாள். ஆனால் திணித்த துணிகளை வெளியே எடுக்கவில்லை. "ஓவியன்?" என்றாள்.

"கொழாய எடுத்துட்டாங்க. பேசறானாம்."

அவள் கையெடுத்து எந்தச் சாமியையோ கும்பிட்டாள். போகிறாளா, இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

குழாயடியில் பர்ஷா இருந்தாள். பக்கத்து வீட்டு வாண்டுகள் நாலு பேர் அவள் முன்னால் வரிசையாக நின்றன. வரக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அந்த வயதுக்கு அது எங்கே ஏறும்? கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஒரு நூல் கோன். நூல் தீர்ந்தபிறகு தூக்கிப் போடுகிற வெறும் காகிதக் கூம்பு. ஒவ்வொரு வாண்டும் அதில் ஊத, பர்ஷா குனிந்து அடிப்பக்கம் பார்த்து, "பச்சை, போ, அடுத்தாளு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கோனின் வாயைப் பாவாடை நுனியால் துடைத்தாள். நான் பள்ளியில் செய்கிற மாதிரியே இடது கையை இடுப்பில் வைத்திருந்தாள். விரல்களில் கத்தரி பட்ட காயம்.

"பர்ஷா, திங்கக்கிழம நீ பள்ளிக்கூடம் வரலாம் கண்ணு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடிவருவாள் என்று நினைத்திருந்தேன். "அம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லீட்டேன்."

"வாசல்ல நீங்கதான நிப்பீங்க?"

"இல்ல சாமி. வேற ஒரு அக்கா நிப்பாங்க. நான் உள்ள வரக்கூடாது."

"ஏனுங்க?"

அதற்கு ஒரு பதிலை வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நீ குற்றம் செய்யவில்லை, நான்தான், மன்னித்துக்கொள், இப்படி. "ஓவியனுக்குக் காய்ச்சல் என்கிட்ட இருந்துதான் போச்சு" என்பது மட்டும் வெளியே வந்தது.

பர்ஷா என்னையே பார்த்தாள். வாண்டுகளும் பார்த்தன. நான் அவளிடம் போவதற்காகக் குழாயடிப் படியில் ஒரு காலை எடுத்து வைத்தேன். அவள் கோனைத் துடைத்து, என் பக்கம் நீட்டினாள்.

"வரிசைல வாங்க. மொதல்ல ஊதுங்க."

நாலு வாண்டுகளுக்குப் பின்னால் போய் நின்றேன். என் முறை வந்தது. முட்டி போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, பாதி இல்லாமல் முழு மூச்சையும் அந்தக் கோனுக்குள் விட்டேன். நூல் தூசு வாசனை அடித்தது. பர்ஷா கோனைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். சூரியனுக்கு நேரே பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை. மூன்று வாரம் நான் செய்யாத வேலையை அவள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

பிறகு என் தலையில் கை வைத்து, நான் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"மஞ்சளுங்க. பயப்படாதீங்க சாமி. ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வாங்க."

சரிங்க என்று சொல்லி எழுந்தேன், படியில் கால் வைக்காமல் திரும்பினேன்.